சிறிய டிராக்டருக்குக் கிரேப்பல்: முதலில் பார்க்க வேண்டியது எடை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் வட்டாரங்களில், சில ஏக்கர் செம்பனையும் வீட்டோரம் பழமரங்களும் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் சிறிய டிராக்டர் இப்போது அரிய பொருளல்ல. அவற்றுள் முன்பக்க லோடர் (சுமை தூக்கும் கைகள்) பூட்டியவையும் உண்டு. லோடருடன் வரும் பக்கெட் மண்ணுக்கும் மணலுக்கும் கோழி உரத்துக்கும் பொருத்தமானது. ஆனால் வெட்டிப்போட்ட ரம்புத்தான் கிளைகளையோ காய்ந்த மட்டைகளையோ அதில் அள்ளப் பார்த்தால், பாதி முன்னே தள்ளப்பட்டுக் குவியும். மீதி தூக்கும்போது சரிந்து விழும். இந்த இடத்தில்தான் கிரேப்பல் தேவைப்படுகிறது. கீழே ஒரு பல்வரிசை, மேலே ஹைட்ராலிக் சிலிண்டரால் திறந்து மூடும் ஒரு தாடை. இரண்டுக்கும் இடையே அகப்பட்டது இறங்கும் இடம் வரை நழுவாது.

என் சித்தப்பா மகன் ஒருவன் அண்மையில் சில படங்களைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, “இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணை எடுத்துடலாமா அண்ணே?” என்று கேட்டான். வாங்க நினைப்பவர்கள் பலரும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். படத்தில் தெரியும் குவியலைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, சொந்த டிராக்டரின் பின்சக்கரத்தில் தொடங்கி முன்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எதைத் தூக்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெரிய தோட்டங்களில் பழக்குலைகளைப் பொறுக்கி டிரெய்லரில் போடுகிற கிராப்பர் வேறு வகை இயந்திரம். அது கிரேன் போன்ற நீண்ட கையின் நுனியில் தொங்குவது, குலைகளுக்கென்றே அமைந்தது. எக்ஸ்கவேட்டரில் மாட்டும் மரப்பிடியும் வேறு. லோடர் கிரேப்பல், தரையில் பரந்து கிடக்கும் ஒழுங்கற்ற பொருள்களைச் சேர்த்து அணைத்து, சிறிது தூரம் கொண்டுபோய் வைப்பதற்கானது. நம் வட்டாரத்தில் அந்தப் பொருள்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்: செம்பனை மட்டைகள், கழித்த பழமரக் கிளைகள், துண்டு போட்ட மரக்கட்டைகள், வேரோடு பெயர்த்த சிறு கட்டைகள். முற்றிய செம்பனையின் மட்டை ஒன்று 6, 7 மீட்டர் நீளம் வரை இருக்கும். அடிப்பகுதியின் ஓரங்களில் முள் இருப்பதால், கையால் இழுத்து அடுக்குவது இளைஞர்களுக்கே அலுப்பான வேலை. அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் இப்போது எளிதாக இல்லை. குப்பையைக் கொளுத்திவிட்டுப் போகும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. ஆகவே மட்டையை வரிசைகளுக்கு இடையே அடுக்கி மக்கவிட வேண்டும். மரத்தைச் சாய்த்தால் துண்டு போட்டுப் பரப்ப வேண்டும். அடிமரத்தை அப்படியே குவித்து அழுகவிட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகி, பக்கத்தில் நட்ட இளங்கன்றின் குருத்தைக் குடையும். அள்ளுவதும் நகர்த்துவதும் பரப்புவதும் ஓயாத வேலையாக இருப்பதால்தான் கிரேப்பலுக்குப் பணம் செலவிடுவது நியாயமாகிறது.

இப்போது எடைக்கு வருவோம். லோடரின் தூக்குதிறன் 500 கிலோ என்று கையேட்டில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த எண் பெரும்பாலும் பக்கெட் தொங்கும் பின்னின் (இணைப்பு ஆணியின்) அச்சில், பக்கெட்டே இல்லாமல் கணக்கிட்டதாக இருக்கும். சில நிறுவனங்கள் பின்னிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் எவ்வளவு தூக்கும் என்பதையும் சேர்த்துக் கொடுக்கின்றன. நமக்கு உண்மையில் பயன்படுவது இந்த இரண்டாவது எண்தான், அது எப்போதும் முதல் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். காரணம் நெம்புகோல் கணக்கு. லோடர் கையின் மேல் மூட்டிலிருந்து அந்தப் பின் வரை 1.8 மீட்டர் என்றும், கிரேப்பலில் கட்டை உட்காரும் நடுப்புள்ளி பின்னிலிருந்து இன்னும் 60 சென்டிமீட்டர் முன்னால் என்றும் கொண்டால், 500ஐ 1.8ஆல் பெருக்கி 2.4ஆல் வகுக்க வேண்டும். விடை 375 கிலோ. இந்த 375இல் கிரேப்பலின் சொந்த எடையும் அடக்கம். கிரேப்பல் 200 கிலோ என்றால் சுமைக்கு மிஞ்சுவது 175 கிலோ. அதே வேலைக்கு 130 கிலோவில் ஒரு கிரேப்பல் கிடைத்தால் மிஞ்சுவது 245 கிலோ. கிரேப்பலின் ஈர்ப்பு மையம் கட்டையைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும், தூக்கும் உயரம் குறையக் குறைய லோடரின் திறன் கூடும் என்பதால் இது கறாரான கணக்கு அல்ல. ஆயினும் போகும் திசை இதுதான்.

இந்த 70 கிலோ வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைச் செம்பனை அடிமரத்தை வைத்துப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிமரத்தின் ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய 125 லிட்டர் கொள்ளளவு. புதிதாகச் சாய்த்த மரம் முழுக்க நீர் நிறைந்தது என்பதால் மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் துண்டு ஒன்றை இலகுவான கிரேப்பல் மாட்டிய டிராக்டர் தூக்கிக்கொண்டு போய்விடும். கனத்த கிரேப்பல் மாட்டிய அதே டிராக்டர் தூக்க முடியாமல் திணறும். ‘பலமான கிரேப்பல்’ என்று விற்பவர் தட்டிக்காட்டும் தடித்த தகடு, சுமைக்கென்று இருந்த இடத்தைத் தானே தின்றுவிடுகிறது. 40 குதிரைத்திறனுக்குக் கீழ்ப்பட்ட டிராக்டருக்கு 150 கிலோவைத் தாண்டிய கிரேப்பலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அகலத்தைத் தேர்வு செய்யும்போதும் இதே நியாயம்தான். சந்தையில் 48, 60, 72 அங்குல அகலங்கள் வழக்கமானவை. மண் வழிக்கும் பக்கெட் டிராக்டரின் சக்கரங்களை மூடும் அகலத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் குவியலின் மேல் ஏறும். கிரேப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மட்டையும் கிளையும் பற்களுக்கு வெளியே இருபுறமும் நீட்டிக்கொண்டுதான் வரும். நடுவில் பிடித்தால் போதும். 48 அங்குலம் என்றால் சுமார் 122 சென்டிமீட்டர். சிறிய டிராக்டருக்கு இதுவே நிறைவானது. அகலம் கூடினால் எடை கூடுகிறது என்பது மட்டுமல்ல சிக்கல். ஓரத்துப் பல் ஒன்று வேரில் மாட்டிக்கொண்டால், அகலம் கூடியதற்கேற்ப லோடரின் கை முறுக்குப்படும். சிறிய லோடரின் கைகள் அந்த முறுக்குக்கென்று கட்டப்பட்டவை அல்ல. செம்பனை வரிசைகளுக்கு இடையே வேலை செய்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்ட தோட்டத்தில் இடம் தாராளமாகத் தெரியும். மட்டைக் குவியலும் வடிகாலும் போக, டிராக்டர் திரும்ப மிஞ்சும் இடம் அவ்வளவு தாராளமல்ல.

மேல் தாடை ஒன்றா இரண்டா என்பதைப் பற்றி விற்பனையாளர்கள் நெடுநேரம் பேசுவார்கள். இரட்டைத் தாடை உள்ளதில் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடும். ஒரு பக்கம் தடித்த கட்டையும் மறுபக்கம் மெல்லிய கிளையும் இருந்தால், எதிர்ப்புக் குறைந்த பக்கம் முதலில் மூடி நிற்க, அடுத்தது தொடர்ந்து மூடும். 60 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலத்தில் இது பயனுள்ள ஏற்பாடு. 48 அங்குலத்தில் அதனால் கிடைப்பது இன்னொரு சிலிண்டர், இன்னும் சில ஹோஸ்கள், கூடுதல் எடை, கிரீஸ் அடிக்க மேலும் சில இடங்கள் மட்டுமே. நடுவில் அமைந்த ஒற்றைத் தாடையே போதும். பிடிப்பு வலுப் போதாமல் போகுமோ என்ற அச்சமும் தேவையில்லை: 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்று 140 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2,800 கிலோ அளவுக்குத் தள்ளும். நெம்புகோல் விகிதத்தில் பெரும்பகுதி குறைந்து தாடை நுனிக்கு வந்தாலும், மட்டைக் கட்டினை நசுக்க அது மிஞ்சிய வலு.

கீழ்ப் பல்வரிசையின் வடிவத்தைத்தான் உண்மையில் ஆழ்ந்து பார்க்க வேண்டும். அடி முழுக்கத் தகடு போட்ட கிரேப்பல் பக்கெட் உண்டு. மணலும் கட்டட இடிபாடும் அள்ளுபவருக்கு அது உதவும். நம் பக்கத்துக் களிமண்ணில் மழைக்குப் பிறகு அதைக் கொண்டு மட்டை அள்ளினால், மட்டையைவிடச் சேறுதான் அதிகம் வரும். அந்தச் சேற்றின் எடையும் மேலே சொன்ன 245 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும். நுனி மேல்நோக்கி வளைந்த தனித்தனிப் பற்களைக் கொண்ட வேர்க் கிரேப்பலில் மண் இடைவெளி வழியே உதிர்ந்துவிடும்; ஊன்றிக் குத்தினால் வேரடியிலும் நுழையும். மூன்றாவது வகையில் கீழ்ப் பற்கள் தரைக்கு இணையாக நேராக நீண்டிருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் எல் வடிவம். இது குவியலின் அடியில் வழுக்கிக்கொண்டு நுழையும், தரையைக் கிளறாது. மட்டையும் கிளையும் அள்ளுவதே முதன்மை வேலை என்பவருக்கு இந்த மூன்றாவதை நான் விரும்பிச் சொல்வேன். வேர் பெயர்க்கும் வேலை எப்போதாவது வந்தால், அதைக் கூலிக்கு வரும் பேக்ஹோவிடம் விட்டுவிடுவதே டிராக்டருக்கு நல்லது.

பற்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் கிளைகளுக்குப் பொருந்தும். அதைவிட நெருக்கினால் புல்லும் மண்ணும் சிக்கும். அகற்றினால் மெல்லிய துண்டுகள் ஒழுகும். கீழ்ப் பற்கள் நீளமானவையாக இருந்தால் குவியல் பெரிதாக வரும். ஆனால் சுமையின் நடுப்புள்ளி முன்னால் தள்ளிப்போகும் என்பதையும், 2.4ஆல் வகுத்த இடத்தில் 2.6 வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தாடை எவ்வளவு அகலத் திறக்கிறது என்பதை விற்பனைத் தாளில் நம்பாமல், கருவி நிற்கும் இடத்தில் நாடா பிடித்து நுனிக்கு நுனி அளந்துகொள்வது நல்லது. மட்டைக் குவியல் அழுந்தக் கூடியது என்பதால், வாய் அகன்று திறக்கும் கிரேப்பல் ஒரே பிடியில் நிறைய அடக்கும்.

புக்கிட் மெர்தாஜாம் சுற்றுவட்டாரத்தில் இரும்பு வேலைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கடல் கடந்து வரும் கிரேப்பலின் விலையைக் கேட்டுவிட்டு, “இதை நாமே அடித்துக்கொள்ளலாமே” என்று நினைப்பவர்கள் பலர். தவறில்லை. ஆனால் இரும்பின் தரத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் அளவில் வளையத் தொடங்கும். கிரேடு 50 எனப்படும் உயர்வலு இரும்பு 345 வரை தாங்கும். ஏ.ஆர். 400 என்ற தேய்மானம் தாங்கும் தகடு இவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு கடினமானது; அந்த 400, பிரினெல் கடினத்தன்மை அளவைக் குறிக்கும். பட்டறையில் மைல்ட் ஸ்டீலைக் கொண்டு அதே வலுவை எட்ட வேண்டுமானால் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும்; தடிப்பாக்கினால் எடை ஏறும். பட்டறைத் தவுக்கே 12 மில்லிமீட்டர் தகட்டைப் பெருமையாகக் காட்டினால், கிரேப்பல் முடிந்தபின் எத்தனை கிலோ வரும் என்று முதலில் கேளுங்கள். விடை வராவிட்டால் தகட்டின் பரப்பை அளந்து நாமே கணக்கிடலாம்: ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ.

பட்டறையில் முடிந்து நிற்கும் ஒன்றைப் பார்க்கப் போனால், வண்ணப்பூச்சை விட்டுவிட்டுக் குனிந்து மூட்டுகளைப் பாருங்கள். மேல் தாடையைக் கையால் பிடித்து இடவலமாக ஆட்டினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறதா என்பது ஒரு சோதனை. புதிதாக இருக்கும்போதே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆட்டம் இருந்தால், சில மாதத்தில் துளை முட்டை வடிவமாகிவிடும். ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா, அந்த நிப்பிள் கிளை உரசாத பக்கம் பார்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் குறுக்குக் குழாயோடு சேரும் இடத்தில் வெல்டிங் இரு புறமும் முழுதாக ஓடியிருக்க வேண்டும். பொட்டு வைத்ததுபோல் விட்டுவிட்டு அடித்திருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். சிலிண்டரின் தண்டு, தாடை முழுதும் திறந்திருக்கும்போது உள்ளே போய்விடுகிறதா என்பதையும் கவனியுங்கள். குவியலுக்குள் புகும் நேரத்தில் தாடை திறந்தே இருக்கும். அப்போது பளபளக்கும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், செம்பனை முள்ளும் மணலும் அதைக் கீறி, சீல் ஒழுகத் தொடங்கும். ஹோஸ்கள் மூட்டின் அருகே, தகட்டின் மறைவில் வளைந்து வர வேண்டும். வெளிப்பக்கமாகத் தொங்கும் ஹோஸைக் கிளை ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும்.

கருவியைவிடக் குழப்பம் தருவது அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் வழி. லோடருக்கு ஏற்கெனவே இரண்டு இயக்கங்கள் உண்டு: கையைத் தூக்கி இறக்குவது, பக்கெட்டைப் பின்னோக்கிச் சுருட்டுவது அல்லது முன்னால் கவிழ்ப்பது. தாடையைத் திறந்து மூட மூன்றாவது இயக்கம் ஒன்று வேண்டும். மூன்று வழிகளில் இதைப் பெறலாம். பின்பக்கத்தில் ஹைட்ராலிக் வாய் உள்ள டிராக்டரில் அங்கிருந்து நீண்ட ஹோஸ் இரண்டை முன்னால் இழுத்துவிடுவது மலிவான வழி. ஆனால் தாடைக்காக ஒவ்வொரு முறையும் ஜாய்ஸ்டிக்கை விட்டுப் பின்பக்க நெம்பைத் தேட வேண்டும். இரண்டாவது, டைவர்ட்டர் வால்வு: ஜாய்ஸ்டிக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால், சுருட்டும் சிலிண்டருக்குப் போகும் எண்ணெய் தாடைக்குத் திரும்பும். ஒரே நேரத்தில் சுருட்டவும் மூடவும் முடியாது என்பது இதன் குறை. மூன்றாவது, பம்பிலிருந்து வரும் எண்ணெயைத் தானே நேராகப் பெறும் தனி வால்வு. 12 வோல்ட் சோலனாய்டால் (மின்காந்தத்தால்) இயங்கும். குவியலை நெருக்கிக்கொண்டே சுருட்டலாம், சுருட்டிக்கொண்டே தூக்கலாம்.

மட்டை அள்ளுபவருக்கு மூன்றாவதுதான் சரி என்று தயங்காமல் சொல்வேன். மட்டைக் கட்டினைத் தாடை அழுத்தும்போது அது தளர்ந்து உள்ளே இறங்கும். இறங்கிய அதே கணத்தில் கிரேப்பலைப் பின்னால் சுருட்டினால்தான் கட்டு முழுதாக வரும். டைவர்ட்டரில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதற்குள் கட்டின் ஒரு பக்கம் அவிழ்ந்துவிடுகிறது. கட்டையை மட்டும் தூக்குபவருக்கு டைவர்ட்டரே போதும், பணமும் மிஞ்சும். எதை எடுத்தாலும், பொத்தானை விட்டபின் தாடை தானாகத் தளராமல் பிடித்துவைக்கும் செக் வால்வு அதில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்பின் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நிமிடத்துக்கு 25 லிட்டர் தரும் சாதாரணப் பம்பு, 50 மில்லிமீட்டர் உள்விட்டமும் 250 மில்லிமீட்டர் ஓட்டமும் (தண்டு நகரும் தூரம்) உள்ள சிலிண்டரை ஒன்றே கால் விநாடிக்குள் நிரப்பிவிடும்.

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பலவற்றுக்கு லோடரே பிற்பாடு பட்டறையில் பூட்டியது. எண்ணெயை எங்கிருந்து எடுத்தார்கள், எங்கே திருப்பினார்கள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். ஓபன் சென்டர் அமைப்பில் பம்பு எண்ணெய் ஒரு வால்வைக் கடந்து அடுத்த வால்வுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வால்வுக்குப் போகும் வழியும் தொட்டிக்குத் திரும்பும் வழியும் வெவ்வேறு வாய்கள். இரண்டையும் மாற்றிப் பூட்டிவிட்டால், அழுத்தம் தாங்காத பக்கத்தில் முழு அழுத்தமும் ஏறி வால்வின் உடல் வெடிக்கக் கூடும். இதைத் தெரிந்த ஹைட்ராலிக் ஆளிடம் கொடுத்துச் செய்வதற்கு ஆகும் கூலி வீண் செலவல்ல.

இணைப்புகளின் மரைகளும் ஒரு தலைவலி. ஜப்பானிய இயந்திரத்தில் ஜே.ஐ.எஸ். வகை முனை 30 பாகைக் கூம்பில் உட்காரும். அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றிச் செய்த கிரேப்பலில் ஜே.ஐ.சி. வகை 37 பாகையில் இருக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இறுக்க இறுக்க ஒழுகும். ஹோஸ் கடைக்குப் போகும்போது பழைய முனையைக் கையோடு எடுத்துப்போவதே இதற்கு வழி. டிராக்டருக்கும் கிரேப்பலுக்கும் இடையே ஹோஸ்களை இணைக்கும் கப்ளரைப் பொறுத்தவரை, ஐ.எஸ்.ஓ. 16028இல் வரும் தட்டைமுக வகையை நான் விரும்புகிறேன். குண்டு வைத்த பழைய வேளாண்மை வகையில் பள்ளத்தில் தூசி தங்கும். தட்டைமுகத்தைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு மாட்டலாம்.

கிரேப்பல் லோடரில் மாட்டும் முறையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கருவிகளை விரைவாக மாட்டிக் கழற்ற உதவும் ஸ்கிட் ஸ்டீர் பிளேட் உள்ள லோடராக இருந்தால் அதற்கான கருவிகள் எங்கும் கிடைக்கும். அந்த இணைப்பு ஐ.எஸ்.ஓ. 24410 தரத்தின்படி அமைந்தது. பின்னை அடித்துக் கழற்றும் பழைய லோடராக இருந்தால், அந்த பிளேட்டைத் தனியாகப் பூட்டலாம். ஆனால் பிளேட்டும் எடைதான், அதுவும் சுமையை முன்னால் தள்ளும். பக்கெட்டை அடிக்கடி மாற்றப் போவதில்லை என்றால் பின்னிலேயே நேராகப் பூட்டும் கிரேப்பல் சிக்கனமானது.

இனி டிராக்டரின் பின்பக்கம். முன்னால் சுமை ஏறும்போது டிராக்டர் முன் அச்சைச் சுழல்மையமாகக் கொண்டு கவிழப் பார்க்கிறது. பின்சக்கரங்களில் நீர் நிரப்பினால் கவிழ்வது தடைப்படும், பிடிப்பும் கூடும். குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். அது ரிம்மை அரிக்கும். பினாங்கில் அந்தத் தொல்லையே இல்லை, வெறும் நீர் போதும். ஆனால் சக்கரத்து நீர் பின் அச்சின் மேலேயே அமர்ந்திருப்பதால், முன் அச்சின் மீதுள்ள பாரத்தை அது குறைப்பதில்லை. முன் அச்சைக் காப்பாற்ற வேண்டுமானால், பின் அச்சுக்கும் பின்னால், மூன்று முனை ஹிட்ச்சில் எடை தொங்க வேண்டும். ரொட்டாவேட்டரைக் கழற்றாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. அது இல்லாதவர்கள் சிமெண்டு வார்த்த தொட்டி ஒன்றைத் தொங்கவிடலாம். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்ளாமல் சரிவில் சுமையோடு இறங்கவே கூடாது. சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டுமே. பின்பக்கம் இலேசாகிவிட்ட நேரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், டிராக்டர் வழுக்கிக்கொண்டு போகும். இதே காரணத்தால் பாலிக் புலாவ் மேட்டு டுரியான் தோட்டங்களுக்கு இந்தக் கருவியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அந்தச் சரிவுக்குச் சங்கிலி வாளும் ஆள்பலமும்தான்.

சுமையோடு நகரும்போது கிரேப்பல் முழங்கால் உயரத்துக்கு மேல் போகத் தேவையில்லை. உருண்டைக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுருட்டினால், அது லோடர் கைகளின் வழியே உருண்டு ஓட்டுநரின் மடிக்கு வரும். பின்னால் இருக்கும் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் முன்னிருந்து வரும் கட்டையைத் தடுக்காது. நாட்பட்ட மட்டைக் குவியலில் கை வைக்குமுன் அதைக் கிரேப்பலால் ஒருமுறை தட்டி அசைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பது எங்கள் வழக்கம். எலிக்காக நாகமும் மலைப்பாம்பும் அங்கே குடியிருக்கும். அவற்றுக்கும் வெளியேற நேரம் கொடுக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு இறுதியில் எடுத்தது 48 அங்குலத்தில், எல் வடிவக் கீழ்ப் பற்களும் ஒற்றைத் தாடையும் கொண்ட இலகுவான கிரேப்பல். தனி வால்வு, தட்டைமுகக் கப்ளர். இரண்டு ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்று தம்பி கேட்டால், தேவையில்லை என்றே சொல்வேன். பக்கெட்டின் மேல் விளிம்பில் இரண்டு கொக்கிகளை வெல்டு செய்து, சங்கிலியால் கட்டி இழுத்தாலே அவனுடைய கட்டைகள் நகர்ந்துவிடும்.

வாங்கிய பிறகு கற்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்து கிரேப்பலைக் கழற்றும்போது தாடையைத் தரையில் ஓய்வாக மூடிவைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் மின்சாரம் வரும் நிலையில் வைத்துக்கொண்டு, திறக்கும் பொத்தானையும் மூடும் பொத்தானையும் மாற்றி மாற்றிச் சில முறை அழுத்த வேண்டும். வால்வின் அமைப்பு இடம் கொடுத்தால் ஹோஸில் தங்கிய அழுத்தம் அப்போது இறங்கிவிடும். அதன் பிறகே கப்ளரைப் பிரிக்கலாம். இதைச் செய்யாமல் வெயிலில் விட்டுவிட்டால், அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து, மறுநாள் எவ்வளவு அழுத்தினாலும் கப்ளர் ஏறாது. அப்போது ஹோஸ் முனையின் நட்டை ஸ்பேனரால் மிக மெதுவாகத் தளர்த்தி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சில சொட்டு எண்ணெயை வெளியேற்றிவிட்டு மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். கண்ணாடி அணியாமல் அதைச் செய்யக் கூடாது. அழுத்தம் இருக்கும்போதே இணைக்கக் கூடிய கப்ளர்களும் விற்பனையில் உள்ளன. விலை சற்று அதிகம். பண்ணையில் நிழல் இல்லாதவர்கள் அதற்குக் கொடுக்கலாம்.